பித்தளை எஞ்சினின் வயது என்ன?

இங்கிலாந்தில் ஒரு பழைய வீடு. பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு மரப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே, கறுத்துப்போன ஒரு சிறிய ரயில் எஞ்சின்! பித்தளைக் கொதிகலன், உயரமான புகைபோக்கி, பக்கத்துக்கு ஒரு சிலிண்டர், அடியில் ஒரு சாராய விளக்கு.

பழைய உலோகம் வாங்குபவர் இதைத் தராசில் வைத்து, எடைக்குரிய காசைக் கொடுப்பார். பழம்பொருள் சேகரிப்பவரோ அதைப்போலப் பல மடங்கு கொடுக்கக்கூடும். எது சரியான மதிப்பு? கண்டுபிடிக்கும் பொறுப்பை உங்களிடம் விட்டால் என்ன செய்வீர்கள், மாணவ நண்பர்களே? ஒரு காந்தம், ஓர் உருப்பெருக்கி லென்ஸ், பள்ளியில் படித்த விஞ்ஞானம் ஆகிய மூன்றும் போதும். வாருங்கள், துப்பறிவோம்!

தேய்க்காதீர்கள்!

நம் வீட்டில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது, உலோகம் பளிச்சிடுகிறது. ஆனால் எஞ்சினுக்கு இந்த உபசாரம் ஆகாது. அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் சிறிதளவு உலோகமும் போய்விடும். மெல்லியதாகப் பொறித்த பெயர் அதனுடன் மறைந்துவிடும். சாட்சியை நாமே அழித்ததாகிவிடும்! மெத்தென்ற துணியால் தூசியைத் துடைத்தாலே போதும்.

காந்தம் சொல்வது

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதைக் காந்தம் கவராது. அச்சும் திருகாணிகளும் எஃகாக இருந்தால் அவை ஒட்டலாம், அதில் தவறில்லை. கொதிகலனே காந்தத்தில் ஒட்டினால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு!

சொட்டும் எஞ்சின்

இப்போது சிலிண்டரைப் பாருங்கள். அது அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறதா, ஊஞ்சல்போல ஆடுகிறதா? ஆடினால் நல்ல தடயம். ஒருபுறம் சாயும்போது சிலிண்டரின் துளை நீராவி வரும் துளைக்கு நேராக வரும், பிஸ்டன் தள்ளப்படும். மறுபுறம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேராக வரும், நீராவி போய்விடும். தனியாக வால்வே தேவையில்லை!

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துச் சிறுவர்கள் இத்தகைய எஞ்சின்களைத் தண்டவாளமின்றித் தரையிலேயே ஓட்டினார்கள். இணைப்புகளில் கசிந்த நீர் வழியெல்லாம் சொட்டியது. அதனால் 'பர்மிங்காம் டிரிப்ளர்', அதாவது 'பர்மிங்காம் சொட்டி' என்ற பட்டப்பெயர் வந்தது.

எந்த ஆண்டு?

இனி லென்ஸை எடுங்கள். லண்டனில் 1843-இல் தொடங்கிய ஸ்டீவன்ஸ் மாடல் டாக்யார்ட், ஃப்ளீட் தெருவிலிருந்த நியூட்டன் கம்பெனி போன்ற கடைகள் இவற்றை விற்றன. கடைப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரே இல்லாத எஞ்சின்களும் உண்டு, அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள்.

'ஜெர்மனி' என்ற சொல் பொறித்திருக்கிறதா? வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைக் காட்டவேண்டும் என்ற நிலையைப் பிரிட்டனில் 1887-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. திருகாணித் தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருக்கிறதா? அவ்வகைத் திருகாணி 1930-களில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அப்படியானால் எஞ்சின் பிற்காலத்து நகலாக இருக்கலாம், அல்லது பழைய எஞ்சினை யாரோ பழுதுபார்த்திருக்கலாம். ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பல தடயங்கள் ஒத்துச்சொன்னால்தான் நம்பலாம்.

பற்ற வைக்கலாமா?

விளக்கை ஏற்றி ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறதா? வேண்டவே வேண்டாம்! கொதிகலனில் நீர் உள்ளவரை அது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இரு மடங்கானாலும் நீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் இளகத் தொடங்கும். எனவே நீர் இருந்தால் ஒட்டு நிற்கும். நீர் வற்றினாலோ வெப்பம் மளமளவென்று ஏறும். பற்றாசு உருகி ஒட்டு விட்டுப்போகும். பழைய பாதுகாப்பு வால்வு இறுகி அடைபட்டிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கொதிகலன் வெடிக்கவும் கூடும்.

விலை எப்படி?

சேகரிப்பவர் ஐந்து கேள்விகள் கேட்பார். இது உண்மையானதா? செய்தவர் அல்லது விற்றவர் யார்? விளக்கு, புகைபோக்கி முதலிய உறுப்புகள் எல்லாம் உள்ளனவா? எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது? இதுபோல் எத்தனை எஞ்சியுள்ளன? பெட்டியும் பழைய ரசீதும் இருந்தால் மதிப்பு கூடும். விற்பவர் கேட்கும் தொகையை விலை என்று எண்ணிவிடாதீர்கள். அதே வகை எஞ்சின் ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதே சரியான அளவுகோல்.

தராசு சொல்வது உலோகத்தின் விலையை மட்டுமே. செய்த கையும், ஓட்டி மகிழ்ந்த சிறுவனும், கடந்த காலமும் அந்தக் கறுத்த மேற்பரப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பழைய பித்தளைப் பாத்திரத்திலும் ஒரு பெயரோ தேதியோ பொறித்திருக்கலாம். அடுத்த முறை புளியை எடுக்குமுன் லென்ஸை எடுத்துப் பாருங்கள்!