புகைமூட்டமும் ஆசியானும்

புகைமூட்டம் வந்தால் எங்கள் கருத்துக்களத்தில் தவறாமல் எழும் கேள்வி, "ஆசியான் என்னதான் செய்கிறது?" தலைவர்கள் கைகோத்து நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுச் சன்னலைத் திறந்தால் எதிர்வீடே தெரியவில்லை. கோபம் வரத்தான் செய்யும்.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே அபாயம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அது 500-ஐத் தாண்டியது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் 700-க்கும் மேல் போனது.

சுமாத்திராவிலும் களிமந்தானிலும் தோட்டம் போடுவதற்காக நிலத்துக்கு வைக்கும் தீதான் பெரும்பாலும் காரணம். அங்குள்ள கரிச்சதுப்பு மண் பற்றிக்கொண்டால், மேலே தீயை அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்று புகையும். (அந்தத் தோட்டத் தொழிலில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடும் இருக்கிறது. அயலாரை மட்டும் திட்டிவிட்டுத் தூங்கிவிட முடியாது.)

1967-இல் ஐந்து நாடுகளுடன் தொடங்கிய ஆசியானில், 2025 அக்டோபரில் கிழக்குத் தீமோர் சேர்ந்தபின் உறுப்பு நாடுகள் 11. பெரிய இந்தோனேசியாவும் சிறிய புருணையும் ஜகார்த்தா தலைமைச் செயலகத்துக்குச் சமமான தொகையே கட்டுகின்றன. முடிவுகள் பெரும்பான்மை வாக்கில் அல்ல, பேசி, எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகே. ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை.

புகைமூட்ட ஒப்பந்தமும் இதே அச்சில் வார்த்ததுதான். 2002 ஜூன் 10-இல் கோலாலம்பூரில் பத்து நாடுகளும் கையெழுத்திட்டன. 2003 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் தீ எரியும் இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 2014 செப்டம்பரில்தான். பன்னிரண்டு ஆண்டுகள்! அதிலும், எரியும் நாடு சம்மதித்தால்தான் அண்டை நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போகலாம். தகராறு வந்தால் நீதிமன்றம் கிடையாது, அபராதம் கிடையாது, பேச்சுவார்த்தைதான்.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. சிங்கப்பூரில் 1993 முதல் இயங்கும் ஆசியான் வானிலை மையம், துணைக்கோளப் படங்களில் தீப்புள்ளிகளைக் கண்டு, காற்றின் திசையையும் பார்த்து எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவது சின்ன விஷயமல்ல.

இருந்தும், இந்தோனேசியா ஒப்புதல் தந்த மறு ஆண்டே, 2015-இல், மிக மோசமான புகைமூட்டம் ஒன்று வந்து இரு கரையிலும் பள்ளிகளை மூடவைத்தது. சிங்கப்பூரோ 2014-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது: புகைக்குக் காரணமான நிறுவனம் எந்த நாட்டிலிருந்தாலும் நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதம். ஆசியான் மேசையில் கேட்க முடியாததை அது தன் வீட்டு நீதிமன்றத்தில் கேட்கிறது.