நகையும் நாணயமும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் நகைக்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் பேதைமை பொருள்வேட்கையோடு கூடும்போது விளையும் நகையினை, ஸ்ரீதர் இயக்கத்தில் 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் திரைப்படம் தெளிவுறக் காட்டுகின்றது.

தோட்ட முதலாளி விசுவநாதன் (பாலையா) தம் பணியாளன் அசோக்கை வேலையினின்று நீக்குகின்றார். அவனே பெருஞ்செல்வர் சிதம்பரத்தின் மகன் என நம்பியதும் மருமகனாக்க விழைகின்றார். இளைஞன் மாறவில்லை, அவனோடு சேர்த்து எண்ணப்பட்ட பொருளே மாறிற்று. அப்பொருளும் பொய், சிதம்பரமாக வந்தவன் மாறுவேடம் பூண்ட நண்பன் வாசுவே. மறுபுறம், மகன் செல்லப்பா (நாகேஷ்) ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ எனப் பட நிறுவனம் தொடங்கி, முதலுக்குத் தந்தையை நாடுகின்றான், தந்தையோ இசைந்திலர்.

இதனைத் திருப்பூர் வாழ்வோடு ஒப்புநோக்கல் தகும். உழவுக் குடியிற் பிறந்து, பின்னலாடைத் தொழிலாளராய்த் தொடங்கி முதலாளிகளானோர், தம் உழைப்பையே முதலாகக் கூறுதலைச் சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். நூலைக் கடனாகப் பெற்றுத் துணியாக்கி விற்கும் ஊரில் ஒருவன் சொல்லும் ஓர் ஈடாகும். ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறித்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

விசுவநாதன் காசைக் கண்டார், நேர்மையை ஆராய்ந்தாரல்லர். செல்லப்பாவோ பெயர்ப்பலகையையே தொழிலெனக் கொண்டான். தோற்றத்தை முதலென மயங்கியதே இருவர்தம் பேதைமை. முதல் கேட்டு வரும் இளைஞனை எதனால் அளப்பது என்னும் வினா, திருப்பூருக்கு இன்றும் நகைத்து விடுதற்குரியதன்று.