சளிக்கு ஒரு அட்டை ஆரஞ்சு மாத்திரை

2020 கோடையில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரைக்குப் பெரிய கிராக்கி. "ஆளுக்கு ஒரு அட்டைதான் சார்" என்று எண்ணிக் கொடுத்தார் கடைக்காரர். கொரோனா ஓய்ந்தும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. இரண்டு தும்மல் போட்டால் போதும், கை அந்த ஆரஞ்சு வாசனை அட்டையைத் தேடுகிறது.

இதற்கு மூலவர் லேசுப்பட்டவர் இல்லை. லைனஸ் பாலிங், 1954-ல் வேதியியலுக்கும் 1962-ல் அமைதிக்கும் நோபல் வாங்கியவர். இரண்டையும் யாரோடும் பங்கு போடாமல். அறுபதைத் தாண்டிய வயதில் இர்வின் ஸ்டோன் என்ற உயிர்வேதியியலாளரின் பேச்சைக் கேட்டு, தினமும் 3 கிராம் வைட்டமின் சி சாப்பிட ஆரம்பித்தார். ஜலதோஷம் தன்னை விட்டு ஓடிவிட்டதாகவே அவருக்குப் பட்டது. 1970-ல் அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார். நோபல்காரர் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? அமெரிக்க மருந்துக் கடைகளில் வைட்டமின் சி பறந்தது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் போதும் என்கிறது ஐ.சி.எம்.ஆர்.; ஒரு கொய்யாப்பழத்திலேயே அது கிடைத்துவிடும். மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரோடு போகிறது. கிராம் கணக்கில் விழுங்கினால் சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

பாலிங் சொன்னது சரிதானா? 29 ஆய்வுகள், 11,306 பேர் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது 2013-ல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு. தினமும் மாத்திரை போட்டவர்களுக்கும் சளி வழக்கம்போலத்தான் பிடித்தது. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் சீக்கிரம் விட்டது. ஏழு நாள் சளியில் பெரியவர்களுக்கு அரை நாள் லாபம், அவ்வளவுதான். அதுவும் சளி வருமுன்னே தினமும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு. தும்மல் வந்தபிறகு கடைக்கு ஓடுகிற நம் கட்சிக்குத் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவத்தினர் என்று 598 பேருக்கு மட்டும் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்திருந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அதில் பங்கில்லை. கொரோனாவுக்கு வைட்டமின் சி-யும் துத்தநாகமும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வை, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதற்காக வைட்டமினே வீண் என்று சொல்லிவிட முடியாது. தட்டம்மையைப் பாருங்கள். மூச்சுக்காற்றில் பரவும் வைரஸ். நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுக் குழந்தையைக் கொல்லும். 1990-ல் வெளியான கேப் டவுன் ஆய்வில், கடும் தட்டம்மையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 189 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஏ, மறுபாதிக்கு வெறும் போலி மருந்து. இறந்தவர்கள் 12 பேர். அதில் 10 பேர் போலி மருந்து வாங்கியவர்கள். அந்தக் குழந்தைகள் பெரும்பாலோரின் ரத்தத்தில் வைட்டமின் ஏ அடிமட்டத்தில் இருந்தது. பள்ளத்தில் ஊற்றிய தண்ணீர் நின்றது. நாமோ நிறைந்த குடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, சுக்குக் காப்பி? பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழபானத்தைச் சூடாகவும் சூடில்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டைவலி, குளிர், அசதி எல்லாம் உடனே தணிந்தன. மூக்கு திறந்துவிட்டதாகவும் சொன்னார்கள். கருவி வைத்து அளந்தால் காற்றோட்டத்தில் மாற்றமே இல்லை! இருக்கட்டுமே. இரவு பத்து மணிக்கு மூக்கு திறந்ததுபோல் இருந்தாலே எனக்குப் போதும்.

போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் சளி. அத்தை மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்தார். இரண்டு டம்ளர் குடித்தேன். பிறகு எட்டு மாதப் பேத்தியின் நாக்கில் தேன் தடவப் போனார். அந்தக் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா அந்தக் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும் என்றேன்.

"நீயெல்லாம் தேன் நக்கித்தாண்டா வளந்தே" என்று விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டார் அத்தை.