ரப்பர் புஷ் அமுங்க வேண்டும்

திருவதிகைக்கும் பண்ருட்டிக்கும் கூப்பிடு தூரம்தான். இந்த வட்டாரத்துப் பலா பழத்துக்கு மட்டும் பேர்போனதல்ல. தஞ்சாவூரில் வீணை செய்பவர்களும் மிருதங்கக் கட்டை கடைபவர்களும் இங்கிருந்து மரம் வாங்கிப்போவது நெடுநாள் வழக்கம். நன்றாக அதிர வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படும் மரம் அது. தந்தியின் மெல்லிய நடுக்கத்தை வாங்கிக் காற்றுக்குப் பெரிதாகக் கொடுப்பதுதான் வீணைக் குடத்தின் வேலை.

இசைத்தட்டு பிளேயரின் தேவை இதற்கு நேர் எதிர். தட்டின் பள்ளத்தில் எழுதப்பட்ட அசைவைத் தவிர வேறெந்த அசைவும் ஊசிக்குத் தெரியக் கூடாது. எல்.பி. தட்டின் பள்ளம் தலைமுடியின் பருமனைவிடக் குறுகலானது. சீர்காழி கோவிந்தராஜன் குரலைத் தாழ்த்தும் இடங்களில் அந்தப் பள்ளத்தின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் கீழே போய்விடலாம். அந்த நெளிவைப் படிக்கிற ஊசி, மேசையின் நடுக்கத்தையும் அதே அக்கறையுடன் படித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். பாட்டு எது, மேசை எது என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. ஆகவே பலாக்கட்டையை அறுத்து நான்கு துண்டாகப் பிளேயருக்கு அடியில் வைத்தால் வீணைபோல் இனிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளிநாட்டில் மரக்கட்டைக் கால்களை நல்ல விலைக்கு விற்கவும் செய்கிறார்கள். கெட்டியான மரம் கீழிருந்து வரும் அதிர்வை அப்படியே மேலே தள்ளும், அவ்வளவுதான்.

அதிர்வுக்கு இங்கே பஞ்சமில்லை. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் தேசிய நெடுஞ்சாலை பண்ருட்டி வழியாகத்தான் போகிறது. விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில் பாதையும் அப்படியே. வீட்டுக்குள் கிரைண்டர் ஒரு பக்கம். நிமிடத்துக்கு 700 சுற்று சுழலும் வாஷிங் மெஷின் தரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 12 உதை கொடுக்கிறது, அதாவது 12 ஹெர்ட்ஸ். இந்த எண்ணைக் கவனியுங்கள்: ஊசி தாங்கிய கை தன் இயல்பிலேயே ஆடத் துடிப்பது பெரும்பாலான பிளேயர்களில் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பாட்டைப் போடுகிற ஸ்பீக்கரே. அதன் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறி, பெருக்கப்பட்டு, மறுபடி ஸ்பீக்கருக்கே வரும். திருவிழா மேடையில் மைக் ஊளையிடுவது இதே சுற்றால்தான். பிளேயரில் அது அடிக்குரல் உறுமலாகக் கேட்கும்.

இதைத் தடுக்கப் போடும் மெத்தென்ற காலைத்தான் நம் கடைகளில் ரப்பர் புஷ் என்கிறார்கள். அதை வாங்கப் போகிறவர் விலையையும் விளம்பரத்தையும் பார்க்கிறார். கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் பிளேயரின் எடைக்கு இது எவ்வளவு அமுங்கும்?

எடையைத் தாங்கும் எந்த வில்லுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. எடையை ஏற்றியதும் கால் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். இந்த வேகத்தைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளை மட்டுமே கால் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது. தன் வேகத்தை ஒட்டி வரும் அதிர்வைத் தடுப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

ஆறு கிலோ எடையுள்ள பிளேயரை எடுத்துக்கொள்வோம். காலுக்கு ஒன்றரை கிலோ விழும். ‘தரமானது, ஒவ்வொன்றும் ஐந்து கிலோ தாங்கும்’ என்று கெட்டியான கால்களை வாங்கி மாட்டுகிறோம். ஒன்றரை கிலோவுக்கு அவை 0.3 மில்லிமீட்டர்தான் அமுங்குகின்றன என்றால் ஆட்ட வேகம் 29 ஹெர்ட்ஸ். தடுப்பு 41 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்கும். 25 ஹெர்ட்ஸில் வரும் உறுமல் குறைவதற்குப் பதில் கூடும். அதே பிளேயர் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் எஃகு ஸ்பிரிங்கில் நின்றால், 25 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஊசிக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ இருபத்து நாலில் ஒரு பங்கு. கூடுதல் எடை தாங்கும் கால் உசத்தி என்று நினைப்பது இங்கே தலைகீழான எண்ணம். நாலு மில்லிமீட்டர் அமுங்கும் நடுத்தரக் காலிலும் ஒரு வில்லங்கம் உண்டு: அதன் வேகம் 8 ஹெர்ட்ஸ், ஊசிக்கையின் வேகத்தோடு மோதும். ரப்பர் அதிர்வின்போது, சும்மா அமுங்கும்போது இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்வதால், இந்தக் கணக்கு காட்டுவதைவிட உண்மை வேகம் சற்றுக் கூடவே இருக்கும். கணக்கு அச்சாகப் பொருந்துவது எஃகு ஸ்பிரிங்குக்குத்தான். ஆனால் ஸ்பிரிங் ஆட ஆரம்பித்தால் எளிதில் நிற்காது. ஆட்டத்தை விழுங்க ரப்பரோ சார்போதேன் போன்ற பிசுபிசுப்பான பாலிமரோ கூட வேண்டும். அதிகம் சேர்த்தால் தடுப்பு குறையும்.

1961-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் வெளியிட்ட ஏ.ஆர். பிளேயரில் தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் சேர்ந்து மூன்று ஸ்பிரிங்கில் மிதந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியைச் சுத்தியலால் தட்டினாலும் ஊசி குதிக்காது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970-களில் இதே வழியில் போனது. அதே காலத்தில் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வேறு வழி: கனமான உடல், அடியில் ரப்பர் கால். அதிரும் நடனக்கூடங்களில் இரவெல்லாம் அது தாக்குப்பிடித்தது. உள்ளேயே ஸ்பிரிங் இருக்கும் பிளேயருக்கு வெளியிலும் ஸ்பிரிங் கால் போடுவது வம்பு. இரண்டும் சேர்ந்து ஆடும்.

நம் பழைய வீடுகளில் இதற்குச் செலவில்லாத ஒரு வசதி இருக்கிறது: சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரி. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள கடப்பைக் கல் ஏறத்தாழ 19 கிலோ. கனத்த செங்கல் சுவரில் ஊன்றிய அந்தப் பலகைக்கு நடமாட்டத்தின் அதிர்வு சுலபமாக ஏறாது. வாடகை வீட்டில் சுவரில் கை வைக்க முடியாதவர்கள் தனிக் கல் ஒன்றை வாங்கி, காற்றுக் குறைவாக அடித்த சிறுவர் சைக்கிள் ட்யூப் மேல் வைத்து, அதன்மேல் பிளேயரை வைக்கலாம். கல்லின் எடையும் காற்றின் மென்மையும் சேர்ந்து ஆட்ட வேகத்தை மிகவும் கீழே இறக்கிவிடும். அழகு போதாது என்று வீட்டில் சொல்லக்கூடும். பங்சர் கடையில் கிடைக்கும் பொருள், ஆயிரக்கணக்கில் விலைபோகும் கால்களுக்கு ஈடுகொடுக்கிறது.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் கூர்முனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை அதிர்வைத் தரைக்கு வடித்துவிட்டுத் திரும்ப விடாது என்பது கதை. மேலிருந்து கீழே போகும் வழியில் கீழிருந்து மேலேயும் வரும். கம்பளம் விரித்த வீட்டில் கம்பளத்தைக் குத்தித் தரையைப் பிடிக்க அவை உதவும். நம் டைல்ஸ் தரையில் கீறல்தான் மிச்சம். ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு விசேஷக் கால் எதுவும் வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயர் அப்படியல்ல. வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்கலாம். சி.டி. பிளேயரில் பிழை திருத்தும் கணக்கு உள்ளேயே ஓடுவதால் அதற்கும் விசேஷக் கால் வேண்டாம்.

வாங்குமுன் ஒரு சோதனை. சுழலாமல் நிற்கும் தட்டில் ஊசியை இறக்கி, ஒலியை மெதுவாகக் கூட்டி, மேசையை விரல் கணுவால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கேட்கும் ‘தொப்’ எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேலை பாக்கி. கால் மாட்டியபின் அதே ஒலி அளவில் மீண்டும் தட்டிப் பார்க்கலாம். மோட்டார் இருக்கும் மூலையில் பெரும்பாலும் எடை கூடும். சமையலறைத் தராசை ஒவ்வொரு மூலைக்கும் கொடுத்து, மற்ற மூலைகளுக்கு அதே உயரத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தால், எந்த மூலைக்கு எந்தக் கால் என்பது தெரிந்துவிடும். பிசுபிசுப்பான பாலிமர் கால்கள் சித்திரை வெயிலில் பாலிஷ் போட்ட மரத்தில் எண்ணெய்க் கறை விடும் என்பதால், அடியில் ஒரு கண்ணாடித் துண்டோ டைல்ஸ் துண்டோ வைப்பது நல்லது.