ஜமுக்காளத்துக்கு அடியில கல்: 710 டிகிரி நீராவியைத் தாங்குற நிக்கல்

நசரத்பேட்டை ஜங்ஷன் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பெங்களூர் ஹைவேயும் அவுட்டர் ரிங் ரோடும் வெட்டிக்கிற இடம். அங்கிருந்து ரிங் ரோட்டைப் பிடிச்சு வடக்கே போனா மீஞ்சூர். பக்கத்துலேயே அத்திப்பட்டு, வல்லூர்னு நிலக்கரி மின்நிலையங்கள். தெற்கே வண்டலூர்; அதையும் தாண்டிப் போனா கல்பாக்கம். இந்த ரெண்டு பக்கத்துக்கும் சம்பந்தப்பட்ட ஒரு குழாயைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

நிலக்கரி மின்நிலையத்துல நீராவி எவ்வளவு சூடா இருக்கோ, அதே கரியில அவ்வளவு அதிகம் கரண்ட் எடுக்கலாம். இப்போ ஓடுற சூப்பர்கிரிட்டிக்கல் நிலையங்கள்ல அது 600 டிகிரி செல்சியஸ் பக்கம். இதை 710க்குக் கொண்டுபோகணும், அழுத்தம் 310 பார், செயல்திறன் 46 சதவீதம் அளவுக்கு வரணும்னு ஒரு திட்டத்துக்கு 2016ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துச்சு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பெல், என்டிபிசி மூணும் சேர்ந்து எடுத்த வேலை.

சிக்கல் பாய்லர் குழாய்லதான். அந்தச் சூட்டுல, அந்த அழுத்தத்துல ஒரு லட்சம் மணி நேரம், அதாவது 11 வருஷத்துக்கு மேல தாங்கணும். ரொம்பச் சூடான பகுதிக்கு எஃகு போதாது. அதனால அங்கே 617எம்னு ஒரு நிக்கல் கலவை. அதுல குரோமியம் சுமார் 22 சதவீதம், கோபால்ட் 12, மாலிப்டினம் 9. உப்பு தண்ணில கரையற மாதிரி, இதெல்லாம் பெரும்பாலும் திட நிக்கலுக்குள்ளேயே கரைஞ்சு கிடக்கு.

கரைஞ்சா எப்படி பலம் வரும்? கல்யாண மண்டபத்துல விரிச்ச பெரிய ஜமுக்காளத்தை ஒரே இழுப்புல நகர்த்த முடியாது. ஓரத்துல ஒரு மடிப்பு உண்டாக்கி, அதைத் தள்ளிட்டே போனா சுலபமா நகரும். உலோகம் வளையறதும் அப்படித்தான். அணு அடுக்குல இருக்கிற குறைபாட்டுக் கோடுகள் அந்த மடிப்பு மாதிரி நகருது. சுத்தமான நிக்கல்ல அதைத் தடுக்க ஆள் குறைவு. அதான் மிருதுவா இருக்கு.

இப்போ ஜமுக்காளத்துக்கு அடியில அங்கங்க கல் கிடந்தா? மடிப்பு மாட்டும். மாலிப்டினம் அணு நிக்கல் அணுவைவிட ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு பெருசு. புள்ளிக் கோலத்துல நாலஞ்சு புள்ளி மட்டும் பெருசா இருந்து பக்கத்துப் புள்ளிகளை நெருக்கித் தள்ளுற மாதிரி, சுத்தி இருக்கிற அடுக்கையே அது கோணலாக்குது. குறைபாட்டுக் கோடு அங்கே வந்து திணறும். குரோமியம் கிட்டத்தட்ட நிக்கல் சைஸ்தான், அதனால ஒரு அணுவுக்கு மாலிப்டினம் அளவுக்கு பலம் தராது. துருப்பிடிக்காம மேல ஒரு ஆக்சைடு போர்வை போடறதுதான் அதோட முக்கிய வேலை. டோஸ்டர்ல சிவக்கிற நிக்ரோம் கம்பியிலயும் அதே கதை.

ஆனா சூடு ஏறும்போது ஆட்டம் மாறுது. நிக்கல் 1455 டிகிரிலதானே உருகும், 710 அதுல பாதிகூட இல்லையேன்னு தோணும். செல்சியஸ் இங்கே ஏமாத்தும். முழுப் பூஜ்யமான மைனஸ் 273ல இருந்து எண்ணினா பாதியைத் தாண்டியாச்சு. அந்த நிலையில அணுக்கள் இடம் மாறிட்டே இருக்கும். மாட்டின மடிப்பு, காலியா இருக்கிற இடங்களோட உதவியால தடையை ஏறித் தாண்டிடும். குழாய் வருஷக்கணக்குல மெதுவா இழுபடும். இதைத்தான் 'க்ரீப்'னு சொல்றாங்க. இங்கேதான் மாலிப்டினத்தோட இன்னொரு குணம் கைகொடுக்குது: நிக்கலுக்குள்ள அது சோம்பேறி, ரொம்ப மெதுவாத்தான் நகரும். என்னைக் கேட்டா, பெரிய உருவத்தைவிட இந்தச் சோம்பல்தான் பெரிய விஷயம். கோபால்ட் வேற வழி: குறைபாட்டுக் கோட்டை ரெண்டா பிரிஞ்சு அகல வைக்குது, ரெண்டும் மறுபடி சேர்ந்தாதான் தடையைத் தாண்ட முடியும்.

அப்போ மாலிப்டினத்தை 30 சதவீதம் கொட்டலாமே? டீல சர்க்கரை ஓரளவுக்கு மேல அடியில தங்கிடும் இல்லையா? இங்கேயும் அதிகமானது தனிப் படிகமா பிரியும், அது உடையற ரகம்.

617எம்மோட பலம் முழுக்கக் கரைசல்லதான்னு சொல்ல முடியாது. கார்பைடு துகள்களுக்கும் பங்கு உண்டு. ஜெட் இன்ஜின் பிளேடுல இன்னும் பலமான வழி இருக்கு: உள்ளே கோடிக்கணக்கான நுண்துகள்களை விளைய வைக்கிறது. ஆனா அந்த ரகக் கலவைகளை வெல்டிங் பண்ணினா விரிசல் விடும் அபாயம் அதிகம். பாய்லர்லயோ ஆயிரக்கணக்கான வெல்டிங் இணைப்புகள். அதனாலதான் இங்கே கரைஞ்சு கிடக்கிற ரகத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. குழாய்கள் ஹைதராபாத்ல, மிதானியிலயும் அணு எரிபொருள் வளாகத்துலயும் உருவாச்சு.