அலாரத்தின் முதுகில் ஒரு திகதி

ஸ்காபரோவில் நான் வயரிங் வேலைக்குப் போகிற தமிழ் வீடுகள் பலவற்றில் குசினிக்கு வெளியே, சீலிங்கில் ஒரு வெறும் வளையம் மட்டும் இருக்கும். அதில் இருக்கவேண்டிய புகை அலாரம் பற்றறி இல்லாமல் அலுமாரிக்குள் கிடக்கும். "என்ன தம்பி செய்யிறது, மிளகாய் வறுக்கேக்கை எல்லாம் கத்துது" என்பார்கள் அக்காமார்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் உள்ளே அமெரீசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். அது அங்குள்ள காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். துகள்கள் நுழைந்து மின்னோட்டம் குறைந்ததும் அலாரம் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே இதற்குப் போதும் என்பதால் தாளிப்புக்கும் கருகிய பாணுக்கும் கத்துகிறது. மற்ற வகை ஒளியால் வேலை செய்வது. புகை வந்தால் உள்ளே ஓடும் ஒளிக்கீற்று சிதறி உணரியில் படும். சோபா, மெத்தை புகைந்து பிடிக்கும் தீயை இது முந்தி அறியும். சமையலுக்கு அவ்வளவாகக் கத்தாது. குசினிப் பக்கம் இந்த வகையை, அடுப்பிலிருந்து 10 அடியாவது தள்ளிப் பூட்டுங்கள். சாம்பிராணிக்கு இரண்டுமே கத்தும். ஜன்னலைத் திறந்துவிட்டு 'ஹஷ்' பொத்தானை அமத்தினால் சில நிமிடம் அடங்கியிருந்து தானாக விழித்துக்கொள்ளும்.

குளிர்காலத்தில் விடியப்புறம் 'கீச்' என்று ஒரு சத்தம், ஒரு நிமிடத்தில் இன்னொன்று. இரவில் ஹீற்றரைக் குறைப்பதால் வீடு குளிர்ந்து, தேய்ந்த பற்றறியின் வோல்ட்டேஜ் விழுவதுதான் காரணம். பகலில் வீடு சூடானதும் சத்தம் நின்றுவிடும். பலர் அத்தோடு மறந்துவிடுகிறார்கள். வயர் இழுத்துப் பூட்டிய அலாரத்திலும், கரண்ட் போனால் உதவ, பற்றறி உண்டு.

பற்றறி மாற்றியும் கீச்சிட்டால் கழற்றித் திருப்பிப் பாருங்கள். முதுகில் தயாரித்த திகதி அச்சிட்டிருக்கும். அதற்கு 10 ஆண்டு கடந்திருந்தால் புதிது வாங்குங்கள். "அமெரீசியத்தின் அரைவாழ்வு 432 ஆண்டு, பிறகேன் பத்தில் எறிய வேணும்?" என்று கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் கேட்டான். அமெரீசியம் அப்படியே இருக்கும். அதைச் சுற்றித் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துவிடும், மின்னணு உறுப்புகளும் தளர்ந்துவிடும். பொத்தானை அமத்த வரும் சத்தம், புகை உள்ளே போகும் வழி அடைபட்டிருப்பதைச் சொல்லாது. வக்கூம் கிளீனரின் மெல்லிய பிரஷ்ஷால் இடைக்கிடை தூசு எடுங்கள். சீலிங்குக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் அலாரத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டால், மாற்றத்தான் வேண்டும்.

ஒன்ராறியோ சட்டப்படி ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் அலாரம் இருக்கவேண்டும். பேஸ்மென்டும் ஒரு மாடிதான். அதை வாடகைக்கு விட்டிருந்தால் அலாரத்தைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. குடியிருப்பவர் அதைக் கழற்றினால் அவரும் குற்றவாளிதான். மேலே எல்லாம் பளபளவென்று புது அலாரம், கீழே படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்ற வீடுகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

மாதம் ஒருக்கால் பொத்தானை அமத்திப் பாருங்கள். அப்போது ஒருவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கட்டும். வீட்டில் காது மந்தமான அம்மாவோ அப்பாவோ இருந்தால், கட்டிலை உலுக்கி எழுப்பும் கருவியோடு வரும் அலாரங்களும் விற்பனையில் உண்டு. கேட்டு வாங்குங்கள்.