கொல்லைப்புறத்து நிருபர்

போன ஆனி மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மொட்டை மாடியில் கண்ணில் படுகிற பறவை, அணில், ஓணான் எல்லாவற்றையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிவைப்பதாக உத்தேசம். முதல் தடவை மூன்று பக்கம் ஓடியது. அடுத்த தடவை ஒன்றரை. மூன்றாம் முறை, 'காகம் வந்தது. சோறு வைத்தேன். தின்றது' என்று எழுதிவிட்டு மூடினேன். இப்போது அந்த நோட்டில் பால் கணக்கு இருக்கிறது.

மா. கிருஷ்ணன் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு மரியாதையோடு கொஞ்சம் பயமும் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கல்கத்தாவின் ஆங்கில நாளிதழான ஸ்டேட்ஸ்மனில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற இயற்கைப் பத்தியை 1950இல் தொடங்கி, 1996இல் இறக்கிறவரைக்கும் எழுதியவர். இரண்டு வாரத்துக்கு ஒன்று, 46 வருடம். கூட்டிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இங்கிலாந்தில் கார்டியன் பத்திரிகையின் 'கன்ட்ரி டைரி' நூறு வருடத்துக்கும் மேலாக வருகிறது. ஆனால் அதைப் பலர் முறைவைத்து எழுதுகிறார்கள். இங்கே ஒரே ஆள், மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு.

தகப்பனார் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1912இல் பிறந்தார் கிருஷ்ணன். அன்றைய மயிலாப்பூரில் புதரும் தோப்பும் குளமும் இருந்தன. பையன் கீரிப்பிள்ளை வளர்த்தான். 13 வயதில் தகப்பனார் போய்விட்டார். பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிப் பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே சரிந்தார், அது 1925. அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். எழுதிப் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். தம்பி மாநிலக் கல்லூரியில் ஃபைசன் துரையிடம் தாவரவியல் படித்தார். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் புத்தகம் போட்ட அதே ஃபைசன்தான். அவரோடு மலை ஏறிச் செடி பார்த்தார். அவர் மனைவியிடம் வாட்டர்கலர் கற்றார். சட்டமும் படித்தார். நிலையான உத்தியோகம் மட்டும் அமையவில்லை.

1942இல் பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, பிரசார அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒரே ஆள் பல நாற்காலிகளில் உட்கார்ந்தார். இதற்கு நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார், புறாத் தபால் நடத்துவதற்குப் புறா வளர்த்தார். எனக்கென்னவோ அவருடைய நிஜமான கல்லூரி அந்த ஊர்தான் என்று தோன்றுகிறது. 1949இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்ததும், எழுத்தையும் கேமராவையும் நம்பி மயிலாப்பூருக்கே திரும்பினார். குடும்பஸ்தர் எடுக்கிற முடிவா அது! அடுத்த வருடம் பத்தி தொடங்கியது.

காட்டுயிர்க் கட்டுரை என்றாலே புலி உறும வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கிருஷ்ணனுக்கு யானையும் காட்டெருமையும் நன்றாகத் தெரியும். தென்னிந்தியக் காடுகளைச் சுற்றிப் பெரிய பாலூட்டிகளைக் கணக்கெடுத்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனாலும் 1961இல் வந்த புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஜங்கிள் அண்ட் பேக்யார்டு'. காட்டுக்குக் கொடுத்த மரியாதையைக் கொல்லைப்புறத்துக்கும் கொடுத்தார். காகமும் அணிலும் அவரிடம் யானைக்குச் சமமாகக் கவனிக்கப்பட்டன.

அவரைப் படித்த வேகத்தில் ஒரு காலை மறுபடி மாடிக்குப் போனேன். அதே காகம். சோற்றை அள்ளி அள்ளித் தொண்டைக்குள் அடைத்தது. கழுத்துக்குக் கீழே கட்டி மாதிரிப் புடைத்தது. பிறகு எதிர்வீட்டு வேப்பமரத்துக்குப் பறந்தது. அங்கே ஒரு குஞ்சு சிறகை நடுக்கிக்கொண்டு வாயைப் பிளந்தது. காகத்தின் தலை பாதி அதற்குள் போய்விட்டு வெளியே வந்தது. குஞ்சின் சிறகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். குயில்! 'தின்றது' என்று நோட்டில் எழுதினேனே, அந்தச் சோற்றைக் காகம் தின்னவே இல்லை.

படம் எடுப்பதிலும் அவர் வழி தனி. கறுப்பு வெள்ளைதான். பழைய கேமராவின் உடம்பையும் வேறெதிலிருந்தோ எடுத்த லென்ஸையும் இணைத்துத் தானே ஒன்றைப் பூட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு யானைமேல் உட்கார்ந்து காட்டுக்குள் போவார்.

கோபமும் உண்டு. பூவுக்காக வெளிநாட்டு மரங்களைத் தெருத்தெருவாக நடுவதை அவர் விடாமல் எதிர்த்தார். பிடிவாதக்காரர் என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்கள், விழுந்து கிடந்தவற்றில் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹர் எத்தனை என்று பார்த்திருப்பார்கள். நான் எங்கள் தெருவில் பார்த்தேன்.

தமிழிலும் எழுதினார். அவர் எழுதிய துப்பறியும் நாவலின் பெயர் 'கதிரேசன் செட்டியாரின் காதல்'. மாதவையாவின் மகனுக்கு அந்தக் குறும்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர் மறைவுக்குப் பிறகு இயற்கைக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்றும், பெருமாள்முருகன் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்றும் தொகுத்தார்கள். நம்மில் பலருக்கு அவரைத் தெரியவந்தது இந்த இரண்டு புத்தகங்களால்தான். அதுவரை மயிலாப்பூர்க்காரர் ஒருவர் பார்த்ததைக் கல்கத்தாக்காரர்கள் ரொட்டியும் டீயுமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பத்திகளில் புத்தகமாகச் சேர்ந்தது ஒரு பகுதிதான், அதுவும் ஆங்கிலத்தில். மிச்சத்தைப் பழைய நாளிதழ்க் கட்டுகளிலிருந்து எடுத்து, அவருடைய கோட்டோவியங்களோடு யாராவது தமிழில் கொண்டுவர வேண்டும். தை மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் பட்டியல் போடுகிற பதிப்பாளர்கள் இதையும் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளட்டும்.